கணக்கும் கட்டாயமும்: பெரியம்மை வரலாற்றில் ஒரு பௌதிகவியலாளர், ஒரு கூர்ப்பியலாளர், ஒரு சமையற்காரர்

முஸ்லிம்களும் விஞ்ஞானமும் என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் நமது பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே பட்டியலைத்தான் எழுதுகிறார்கள். இப்னு சீனா, இப்னுல் ஹைதம், அல்-குவாரிஸ்மி, அல்-ராஸி. மீலாத் விழாப் பேச்சுப் போட்டியிலும் இதே பட்டியல்தான். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பட்டியல் நமக்குப் பெருமையைத் தருகிறது. ஒரு விடயத்தை எப்படி ஆராய்வது, எப்படி முடிவுக்கு வருவது என்பதைத் தருவதில்லை. அண்மைக் காலத்தில் நமக்கு அதிகம் தேவைப்பட்டது இந்த இரண்டாவதுதான்.

2020இலும் 2021இலும் இலங்கை முஸ்லிம்கள் இரண்டு அனுபவங்களை அடுத்தடுத்துப் பெற்றோம். முதலாவது, விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லி நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. இரண்டாவது, அதே அரசாங்கம் சில மாதங்களில் தடுப்பூசியைக் கொண்டுவந்து போடச் சொன்னது. “எரிச்சவங்க தாற ஊசிய நாங்க எப்பிடி நம்புற?” என்ற கேள்வியைப் பள்ளிவாசல் முற்றத்திலும் கடைத்தெருவிலும் நான் கேட்டிருக்கிறேன். “ஊசி போட்டா புள்ள கிடைக்காதாம்” என்ற வதந்தியும் அதன் பின்னாலேயே வந்தது. வதந்தியைச் சிரித்துத் தள்ளிவிடலாம். அந்த முதல் கேள்வியை அப்படித் தள்ள முடியாது. அதற்கு நேர்மையான பதில் ஒன்று வேண்டும். அந்தப் பதிலைத் தேடி நான் போனது, மனிதன் உலகத்திலிருந்து முற்றாக ஒழித்த ஒரே மனித நோயான பெரியம்மையின் வரலாற்றுக்கு.

அல்-ராஸியும் இஸ்தான்பூல் கிழவியும்

பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபூபக்கர் அல்-ராஸி பெரியம்மையையும் சின்னமுத்தையும் பற்றி ஒரு தனி நூல் எழுதினார். இரண்டு நோய்களையும் குறிகளை வைத்துத் தெளிவாகப் பிரித்துக் காட்டிய நூல் என்று மருத்துவ வரலாறு அதைக் கொண்டாடுகிறது. ஒருமுறை பெரியம்மை வந்து பிழைத்தவருக்கு ஏன் அது மறுபடி வருவதில்லை என்பதற்கும் அவர் ஒரு விளக்கம் சொன்னார். பிள்ளைகளின் இரத்தத்தில் உள்ள மிகையான ஈரத்தன்மை நொதித்து வெளியேறுவதுதான் இந்த நோய். வெளியேறிய பிறகு மீண்டும் நொதிக்க ஒன்றும் மிச்சமில்லை என்பது அவர் கருத்து. விளக்கம் இன்று நிற்காது. நோய் ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது என்ற எண்ணமும் அதில் இல்லை. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி சரியான கேள்வி. நிர்ப்பீடனம் பற்றிய ஆய்வு முழுவதும் அந்தக் கேள்வியின் வழியில் வந்ததுதான். அல்-ராஸியை நாம் மதிக்க வேண்டியது அவர் எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டார் என்பதற்காக அல்ல. பார்த்ததைக் கவனமாகப் பதிந்து, ஏன் என்று கேட்டார் என்பதற்காக.

ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்ற அறிவை வைத்து, படிக்காத மக்கள் ஒரு தற்காப்பை உண்டாக்கினார்கள். இலேசான அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து சிறிது சீழை எடுத்து, சுகதேகியின் தோலைக் கீறி உள்ளே வைப்பது. சீனாவிலும் இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் உஸ்மானிய ஆட்சிப் பகுதிகளிலும் இது வெவ்வேறு விதமாக நடந்தது. 1717இல் பிரித்தானியத் தூதுவரின் மனைவி மேரி வோர்ட்லி மொன்டேகு, எதிர்னே நகரிலிருந்து எழுதிய கடிதம் ஒன்றில் இதை விவரித்தார். அவரது சகோதரர் பெரியம்மையால் இறந்தவர். அவரது முகத்திலும் அந்த நோய் தழும்பு போட்டிருந்தது. 1718இல் இஸ்தான்பூலில் தன் மகனுக்கு இதைச் செய்வித்தார். செய்தது கிரேக்கக் கிழவி ஒருத்தி. பக்கத்தில் நின்றவர் தூதரகத்தின் சத்திரசிகிச்சையாளர். இதை ‘முஸ்லிம்களின் கண்டுபிடிப்பு’ என்று மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. பல இனத்தவர் வாழ்ந்த ஒரு பேரரசின் பெண்கள், பெயர் பதிவாகாத பெண்கள், கைமாற்றிக் காத்த அறிவு அது.

லண்டனுக்கு அந்த அறிவு போனதும் முதலில் யார் மீது சோதிக்கப்பட்டது? 1721இல் நியூகேட் சிறையில் இருந்த ஆறு மரண தண்டனைக் கைதிகள் மீது. பிழைத்தால் விடுதலை. ஆறு பேரும் பிழைத்தார்கள், விடுதலையும் ஆனார்கள். தூக்குக் கயிறா கீறலா என்று கேட்டுவிட்டுப் பெறும் சம்மதத்துக்கு என்ன பெறுமதி என்ற கேள்வி மட்டும் அங்கேயே நின்றது. அதே ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், ஒனேசிமஸ் என்ற ஆபிரிக்க அடிமை தன் எசமானுக்குச் சொல்லியிருந்த முறை பரீட்சிக்கப்பட்டது. அங்கே இயற்கையாக நோய் கண்டவர்களில் சுமார் 14 சதவீதமானோர் இறந்தார்கள். கீறி வைத்துக்கொண்டவர்களில் இறந்தது சுமார் 2 சதவீதம். மருத்துவம் எண்களைச் சாட்சிக்கு அழைத்த ஆரம்ப சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

பேர்னூலியின் கணக்கு

இரண்டு சதவீதம் குறைவுதான். ஆனால் அந்த இரண்டு பேரில் ஒன்று உங்கள் பிள்ளை என்றால்? அப்போது பெற்றோரைப் பிடித்து உலுக்கிய கேள்வி இது. இதற்குப் பதில் சொல்ல வந்தவர் டானியல் பேர்னூலி என்ற சுவிஸ் நாட்டுப் பௌதிகவியலாளர். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். பாயும் திரவத்தின் வேகத்துக்கும் அமுக்கத்துக்கும் உள்ள தொடர்பை 1738இல் வெளியான தன் நூலில் விளக்கியவர் அவர்தான்.

1760 ஏப்ரலில் பரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் முன் அவர் ஒரு கட்டுரையைச் சமர்ப்பித்தார். முதலில் தன் எடுகோள்களைச் சொன்னார். பெரியம்மை வராதவர்களில் எட்டில் ஒருவருக்கு ஒவ்வோர் ஆண்டும் அது வருகிறது. வந்தவர்களில் எட்டில் ஒருவர் இறக்கிறார். இதை எல்லா வயதுக்கும் ஒரே மாதிரி வைத்துக்கொள்வோம் என்றார். பிறகு ஹாலி தயாரித்திருந்த ஆயுள் அட்டவணையை எடுத்து, 1,300 பிள்ளைகள் ஒன்றாகப் பிறந்தால் ஆண்டுக்கு ஆண்டு எத்தனை பேர் மிஞ்சுவார்கள், பெரியம்மையே இல்லாவிட்டால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று கணித்தார். சராசரி ஆயுள் 26 ஆண்டு 7 மாதத்திலிருந்து 29 ஆண்டு 9 மாதமாகக் கூடும் என்று வந்தது. மூன்று ஆண்டுக்குச் சற்று அதிகம். கீறி வைப்பதால் 200இல் ஒருவர் இறப்பார் என்று எடுத்துக்கொண்டாலும் இலாபம் பெரிதாகக் குறையவில்லை.

துணிக்கைகள் எப்படி அசைகின்றன என்று சிந்தித்த மூளை, ஒரு நோய் மக்கள் கூட்டத்தினூடே எப்படி அசைகிறது என்றும் அதே முறையில் சிந்தித்தது. கொவிட் காலத்தில் தினமும் தொலைக்காட்சியில் பார்த்தோமே, தொற்று ஏறும் இறங்கும் வளைகோடுகள், அவற்றின் மூத்தப்பா இந்தக் கட்டுரைதான்.

எனக்கு இதில் பிடித்தது விடையைவிட, அடுத்து நடந்ததுதான். அதே ஆண்டு நவம்பரில் டி’அலம்பர் என்ற இன்னொரு கணிதவியலாளர் அதே கழகத்தில் எழுந்து எதிர்வாதம் வைத்தார். எல்லா வயதுக்கும் ஒரே வீதம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். இன்னொரு ஆழமான கேள்வியையும் கேட்டார். ஊசியால் வரும் மரணம் இந்த மாதமே வருவது. கிடைக்கும் ஆயுளோ வாழ்வின் கடைசியில் வருவது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? அரசுக்கு எல்லா உயிரும் ஒரு கூட்டுத்தொகை. ஒரு தாய்க்கு அப்படியா? இத்தனையும் கேட்ட டி’அலம்பர் இந்த முறைக்கு எதிரானவர் அல்லர். அது வேண்டும் என்றவர்தான். ஆனால் சரியான முடிவுக்கும் பிழையான வாதம் வைக்கக் கூடாது என்றார்.

பேர்னூலி தன் எடுகோள்களை மறைத்திருந்தால் டி’அலம்பர் எதைத் தாக்கியிருப்பார்? கணக்கை மேசையில் வைத்ததால்தான் விவாதம் நடந்தது. இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். மீண்டும் இங்கே வருவோம்.

பாக்தாத் வழியாக வந்த பால்

1796 மே 14இல் எட்வர்ட் ஜென்னர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்து ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுப் பையனுக்கு ஏற்றினார். பிறகு பெரியம்மையை ஏற்றிப் பார்த்தார். பையனுக்கு நோய் வரவில்லை. இது பழைய முறையைவிட எவ்வளவோ பாதுகாப்பானது. நமது மூத்தவர்கள் ‘அம்மைப்பால்’ என்று சொன்னது இதைத்தான்.

அந்தப் பால் நமது பக்கம் வந்த வழியைப் பாருங்கள். கடல் வழியாக வந்தால் வெப்பத்தில் வீரியம் போய்விடும். ஆகவே வியன்னாவிலிருந்து இஸ்தான்பூல், பாக்தாத், பஸ்ரா என்று வந்து, 1802 ஜூனில் பம்பாயில் மூன்று வயதுப் பெண் பிள்ளை ஒன்றுக்கு முதல் வெற்றி கிடைத்தது. அதே ஆண்டில் அது இலங்கைக்கும் வந்தது. இங்கே அதைப் பரப்பிய தோமஸ் கிறிஸ்டி என்ற பிரித்தானிய மருத்துவர், அதற்கு முன் பெரியம்மை இந்தத் தீவில் செய்த அழிவைப் பற்றி 1811இல் ஒரு நூலே எழுதினார். முந்திய நூற்றாண்டில் இஸ்தான்பூலிலிருந்து மேற்கே போன ஓர் எண்ணம், உருமாறி, அதே இஸ்தான்பூலைத் தாண்டிக் கிழக்கே திரும்பியது.

வாலஸ் ஏன் எதிர்த்தார்?

இனிக் கூர்ப்பியலாளருக்கு வருவோம். இயற்கைத் தேர்வு என்ற கொள்கை டார்வினுடையது மட்டுமல்ல. அல்பிரட் ரசல் வாலஸ் 1858இல் தெர்னாத்தே தீவிலிருந்து டார்வினுக்கு அனுப்பிய கட்டுரையில் அதே கொள்கை இருந்தது. இருவரது எழுத்துகளும் லண்டனில் ஒன்றாகவே வாசிக்கப்பட்டன. மலாய்த் தீவுகளில் வாலஸுடன் அலைந்து பறவைகளைச் சேகரித்துக் கொடுத்தவர் சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற இளைஞர் என்பதும் சொல்லப்பட வேண்டியது.

தடுப்பூசி பற்றி டார்வின் 1871இல் எழுதினார். பலவீனமான உடல்வாகு கொண்ட ஆயிரக்கணக்கானோர் தடுப்பூசியால் பிழைக்கிறார்கள், இது இயற்கைத் தேர்வைத் தடுக்கிறது என்ற பொருளில் எழுதியதைச் சிலர் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். அடுத்து அவர் எழுதியதைச் சொல்வதில்லை: இரக்கத்தை விட்டுவிட்டால் நம்மில் உள்ள உயர்ந்த பகுதியே சீரழியும் என்பதையும் அவர்தான் எழுதினார்.

வாலஸ் ஒரு படி அப்பால் போய், கட்டாயத் தடுப்பூசியைப் பகிரங்கமாக எதிர்த்தார். 1898இல் தடுப்பூசி ஒரு மாயை என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூலே வெளியிட்டார். இவ்வளவு பெரிய விஞ்ஞானி ஏன் இப்படி? அன்றைய இங்கிலாந்தைப் பார்த்தால் விளங்கும். 1853இல் கைக்குழந்தைகளுக்கு ஊசி கட்டாயமானது. 1867இல் தண்டனை இறுகியது. தண்டப்பணம் கட்ட முடியாத ஏழைகளின் வீட்டுத் தளபாடங்கள் ஏலம் போயின. சிலர் சிறைக்கும் போனார்கள். வசதியானவர்களுக்குத் தண்டம் ஒரு பொருட்டல்ல. 1885இல் லெஸ்டர் நகரில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். ஏழைகளின் பக்கம் நின்ற வாலஸ், பெரியம்மை குறைந்தது சுத்தத்தாலும் நல்ல வீடுகளாலும்தான் என்றார். அரசாங்கத்தின் புள்ளிவிபரங்களில் ஊசி போட்டவர், போடாதவர் என்ற பதிவே ஒழுங்காக இல்லை என்றார்.

அந்தக் கடைசிக் குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. ஆனால் முடிவில் அவர் பிழைத்துப் போனார். ஊசி போடுவது வெகுவாகக் குறைந்திருந்த குளொஸ்டர் நகரில் 1896இல் பெரியம்மை வெடித்து 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிரியலில் பேரறிவாளராக இருந்தாலும், பக்கத்துத் துறையில் சறுக்கலாம். பெரிய பெயர் என்பது ஆதாரம் அல்ல. வாட்ஸ்அப்பில் ‘நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி சொல்கிறார்’ என்று வரும் செய்திகளுக்கும் இதுதான் பதில்.

அரசும் ஒன்றைக் கற்றுக்கொண்டது. 1898இல் மனச்சாட்சியின்படி மறுப்பவர்களுக்குச் சட்டத்தில் விலக்கு வைக்கப்பட்டது. ஊசி சரி என்பது வேறு. ஏழையை வதைத்து அதைப் போடுவது சரியா என்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு நாட்டுக்கு 45 ஆண்டுகள் பிடித்தன.

மெர்க்காவின் சமையற்காரர்

பெரியம்மை மனிதரில் மட்டுமே வாழ்ந்த வைரஸ். ஒளிந்துகொள்ள அதற்கு ஒரு விலங்கு இல்லை. டி.என்.ஏ. வைரஸ் என்பதால், கொரோனா வைரஸ் போல அது வேகமாக உருமாறவும் இல்லை. அதனுடைய கூர்ப்பின் இந்தப் போக்குத்தான் ஒழிப்பைச் சாத்தியமாக்கியது. எல்லோருக்கும் ஊசி போட்டுத்தான் தீர வேண்டும் என்பதும் இல்லாமல் போனது. நோயாளியைக் கண்டுபிடித்து, அவரைச் சுற்றியுள்ளோருக்குப் போட்டு, நெருப்பைச் சுற்றி வெட்டிவிடுவது போல வளைத்தார்கள். கொடிய வகைப் பெரியம்மை இயற்கையாகக் கண்ட கடைசி ஆள், 1975இல், பங்களாதேஷின் போலா தீவைச் சேர்ந்த ரஹீமா பானு என்ற சிறுபிள்ளை. பிழைத்துக்கொண்டாள்.

இலேசான வகை கடைசியாகக் கண்டது 1977 ஒக்டோபரில், சோமாலியாவின் மெர்க்கா நகரில். ஆள் அலி மாஓ மாலின், வைத்தியசாலைச் சமையற்காரர். வைத்தியசாலையில் வேலை செய்தும் அவர் ஊசி போட்டிருக்கவில்லை. நோவும் என்ற பயம். அவரும் பிழைத்தார். பிற்காலத்தில் போலியோ ஒழிப்பில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய்த் தயங்கிய தாய்மாருக்குத் தன் கதையைச் சொன்னார். 2013இல், போலியோப் பணியில் இருந்தபோதே மலேரியாவால் காலமானார். பெரியம்மை ஒழிந்தது என்று உலகம் அறிவித்தது 1980 மே 8இல். நமது உம்மா வாப்பாமாரின் புயத்தில் இருக்கும் அந்தத் தழும்பு பிற்காலப் பிள்ளைகளின் புயத்தில் இல்லாதது அதனால்தான்.

மாலினை யாரும் பிடித்து இழுத்து மாற்றவில்லை. பயந்தவரே பயந்தவர்களிடம் போனார். அதில் ஒரு கொள்கை இருக்கிறது.

நமது கேள்விக்குத் திரும்பினால்

இப்போது ஜனாஸா விடயத்தை இந்த வரலாற்றின் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கொவிட்டால் இறந்தவர்களை அடக்கவும் எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. முதலில் அடக்கத்துக்கு இடமளித்த நமது நாட்டின் வழிகாட்டல் அந்த மாத இறுதியில் மாறியது. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி மூலம் எரிப்பது கட்டாயமானது. நிலக்கீழ் நீரில் வைரஸ் கலக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். வைரஸ் பெருகுவதற்கு உயிருள்ள கலம் வேண்டும் என்பது உயிரியலின் ஆரம்பப் பாடம். புதைத்த உடலிலிருந்து மண்ணைக் கடந்து, நீரைக் கடந்து, இன்னொருவரின் சுவாசப்பைக்கு அது எந்த அளவில் போய்ச் சேரும்? பேர்னூலி கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது. இதற்கு ஒரு கணக்கு நம் முன் வைக்கப்படவில்லை. எடுகோள் எது என்று தெரியாததால் டி’அலம்பர் போல எழுந்து மறுக்கவும் இடமில்லை. மனுக்கள் 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றத்தில் காரணம் கூறப்படாமலே தள்ளுபடியாயின. பிறந்து 20 நாளான பிள்ளையும் எரிக்கப்பட்டது. கனத்தை மயானத்தின் வேலியில் எல்லாச் சமூகத்தவரும் வெள்ளைத் துணி கட்டினார்கள்.

இந்த நாட்டின் மருத்துவ அமைப்புகளே 2020 இறுதியிலும் 2021 தொடக்கத்திலும் அடக்கலாம் என்று பகிரங்கமாகச் சொன்னதை நாம் மறக்கக் கூடாது. 2021 பெப்ரவரி 25இல் தடை நீங்கியது. மார்ச்சில் ஓட்டமாவடி, மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. பிற சமயத்தவரும் உட்பட 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவுசெய்தது.

ஆகவே, “எரிச்சவங்க தாற ஊசிய எப்பிடி நம்புற?” என்று கேட்பவருக்கு என் பதில் இது. எரித்தது விஞ்ஞானம் அல்ல. விஞ்ஞானத்தை ஒதுக்கிவிட்டு அதன் பெயரை மட்டும் எடுத்துக்கொண்ட ஒரு தீர்மானம். ஊசிக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. கேட்டால் காட்டுவார்கள், மறுத்தால் பதில் சொல்வார்கள். அந்த உத்தரவுக்குப் பின்னால் அப்படி ஒன்று இருக்கவில்லை. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டினால், நமக்கு அநியாயம் செய்தவர்களின் பிழையை நாமே நமது பிள்ளைகளின் உடம்பில் தொடர்ந்தவர்களாவோம்.

நமது சொந்த வரலாற்றிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. அம்வாஸ் கொள்ளைநோய்க் காலத்தில் ஷாம் நோக்கிப் போன கலீபா உமர் (ரழி) அவர்கள் ஸர்க் என்ற இடத்தில் நின்று, முஹாஜிர்களிடமும் அன்ஸாரிகளிடமும் குறைஷி மூத்தவர்களிடமும் தனித்தனியாகக் கருத்துக் கேட்டார்கள். அபூ உபைதா (ரழி) அவர்கள் முகத்துக்கு நேரே ஆட்சேபித்தார்கள். அவருக்கும் காரணம் சொல்லப்பட்டது. பிறகே திரும்பிப் போனார்கள். ஆலோசனை, ஆட்சேபம், காரணம் என்ற மூன்றும் அங்கே இருந்தன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த ஏறக்குறைய 11 மாதங்களின் வர்த்தமானிகள், சுற்றறிக்கைகள், மருத்துவச் சங்கங்களின் அறிக்கைகள், மனுக்கள், பள்ளிவாசல்களுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் இன்னும் வீடுகளிலும் அலுவலக அலுமாரிகளிலும் கிடக்கின்றன. கறையான் அரிக்க முதல் அவற்றைத் திரட்டி, திகதி ஒழுங்கில் அடுக்கி, எங்காவது ஒரு நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். குளொஸ்டரில் என்ன நடந்தது என்று 100 ஆண்டுக்கு மேல் கழித்து நான் எழுத முடிவது, யாரோ ஒருவர் அன்று எண்ணிப் பதிந்து வைத்ததால்தான்.